காய்ந்த பிறகு பார்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. ஒரு கல் பாதியில் நின்றது, அதை முடித்துவிட்டுத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று இருந்தேன். நேற்று ராத்திரி முடிந்தது. இந்தக் கடிதத்தோடு அதுவும் வருகிறது. பஞ்சில் சுற்றியிருக்கிறேன், மெதுவாகப் பிரி.

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும்தான் எனக்கு நிம்மதி. ஆபரேஷன் ஆன கண்ணால் பார்த்தால் சுவர் வெள்ளையாகவும், மற்றக் கண்ணால் பார்த்தால் அதே சுவர் மஞ்சளாகவும் தெரிகிறது என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை இவருக்கும் வாசித்துக் காட்டினேன். இத்தனை வருஷம் அந்த மஞ்சளைத்தான் வெள்ளை என்று நம்பிக்கொண்டிருந்தோமா என்று ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். இங்கே எல்லோரும் சௌக்கியம். இவருக்கு முட்டிவலி மட்டும் கூடக் குறைய இருக்கிறது. மாலினிக்கு வேலை மாறியிருக்கிறது, அவளே உனக்கு எழுதுவதாகச் சொன்னாள்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். "இந்தக் கல் தேய்ப்பதில் அப்படி என்னடி இருக்கிறது? நானும் செய்யலாமா?" என்று கேட்டிருந்தாய்.

ஆற்றங்கரையில் நாம் கூழாங்கல் பொறுக்கிய நாட்கள் நினைவிருக்கிறதா? தண்ணீருக்குள் கிடக்கும்போது சிவப்பும் பச்சையுமாக ஒவ்வொன்றும் ஒரு தினுசாக இருக்கும். பாவாடை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவதற்குள் எல்லாம் காய்ந்து சாம்பல் நிறமாகிவிடும். ஒரு தடவை நீ அதற்காக அழுதாய். அப்புறம் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அதில் போட்டு ஜன்னலில் வைத்துக்கொண்டாய். கல்லின் நிறம் எங்கேயும் போகவில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். ஆற்றில் உருண்டு வந்த கல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு இருக்கும். விழுகிற வெளிச்சத்தை அது நாலாபக்கமும் சிதறடிப்பதால், நமக்குத் தெரிவது ஒரு வெளிறிய படலம் மட்டும்தான். தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்பும்போது வெளிச்சம் கல்லுக்குள் போய் நிறத்தோடு திரும்பி வருகிறது. மெருகேற்றுவது என்றால் அந்தப் பள்ளங்களையே இல்லாமல் செய்வது. நீ டம்ளர் தண்ணீரில் வைத்துப் பார்த்த அழகு, காய்ந்த கல்லிலேயே நிற்கும்படி செய்வது. நான் செய்கிற வேலை முழுக்க இவ்வளவுதான்.

நான் வைரத்துக்குப் போடுவது போலப் பட்டை போடுவதில்லை. அடி தட்டையாக, மேல்புறம் வழுவழுவென்று மேடாக இருக்கும் கல்லைத்தான் செய்கிறேன். கபோஷான் என்று பெயர். தலை என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததாம். கல்லைக் கையில் வைத்துப் பார், மொட்டைத் தலை மாதிரிதான் இருக்கும். பட்டை தீட்டும் கலை வளர்வதற்கு முன்பு உலகத்தில் உயர்ந்த கற்களையெல்லாம் இப்படித்தான் மழித்து அணிந்தார்கள். இங்கிலாந்து அரச மகுடத்தின் முன்புறம் இருக்கிற பெரிய சிவப்புக் கல் இன்னும் அப்படியே, பட்டை போடாமல்தான் இருக்கிறது. கருப்பு இளவரசரின் மாணிக்கம் என்பார்கள். ஆனால் அது மாணிக்கமே இல்லை, ஸ்பைனல் என்கிற வேறு கல்.

சில கற்களுக்கு இந்த மேடு இல்லாவிட்டால் உயிரே இல்லை. நட்சத்திர நீலக்கல்லுக்குள் ரூட்டைல் என்கிற தாதுவின் மெல்லிய ஊசிகள் மூன்று திசைகளில் வரிசையாகப் படுத்திருக்கும். ஒவ்வொரு வரிசையும் ஒரு ஒளிக்கோட்டை எழுப்பும். மூன்று கோடுகளும் மேட்டின் உச்சியில் ஒன்றையொன்று வெட்டுவதால் ஆறு கால் நட்சத்திரம் தெரிகிறது. நியூயார்க்கில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கும் 'ஸ்டார் ஆஃப் இந்தியா' 563 காரட் எடை. பெயர் இந்தியா என்றாலும் இலங்கையில் கிடைத்த கல். 1964-இல் திருடு போய், அடுத்த வருஷமே திரும்பக் கிடைத்தது. அதில் பட்டை போட்டிருந்தால் நட்சத்திரம் தொலைந்திருக்கும்.

அதனால் கல்லை எந்தப் பக்கமாக வெட்டுகிறோம் என்பதில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. இதை நான் ஒரு புலிக்கண் கல்லைக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். நல்ல கட்டி, தேன் நிறத்தில் பட்டு மாதிரி மின்னியது. உள்ளே நார் நாராக இருக்கும், பார்த்திருப்பாய். அந்த நார் படுத்தவாக்கில் அடிப்பக்கத்துக்கு இணையாக இருக்க வேண்டும். நீள்வட்டக் கல்லானால் நார் குறுக்கே ஓட வேண்டும், அப்போதுதான் ஒளிக்கோடு நீளவாக்கில் நிற்கும். நான் அவசரத்தில் நாரைக் குறுக்கே அறுத்துப் பாளம் போட்டுவிட்டேன். அறுத்த முகத்தைக் கழுவிப் பார்த்தால் வெறும் பழுப்பு. எப்படித் திருப்பினாலும் மினுக்கம் இல்லை. நாரின் நுனிகளை மட்டும்தான் நான் மேலே கொண்டுவந்திருந்தேன். அன்றைக்கு மனசு ரொம்ப வாடிப்போனது. அந்தப் பாளத்தை மேஜை மேலேயே வைத்திருக்கிறேன். புதுக் கல் எதை எடுத்தாலும் முதலில் நனைத்து, விளக்கின் கீழ் நாலு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் ரம்பத்தில் வைப்பதில்லை.

அறுத்த பாளம் 6 மில்லிமீட்டர் கனம் இருந்தால் போதும். அதன் மேல் அலுமினியக் கம்பியின் முனையால் வடிவத்தை வரைந்துகொள்வேன். பேனா மை தண்ணீர் பட்டால் போய்விடும், அலுமினியக் கோடு நிற்கும். சுற்றிலும் வெட்டியதும் கல்லை ஒரு மரக்குச்சியின் முனையில் அரக்கு வைத்து ஒட்ட வேண்டும். குச்சிதான் பிடி. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அரக்கு மட்டும் சூடாக இருந்தால் போதாது, கல்லும் இளஞ்சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்த கல்லில் அரக்கு ஒட்டினது மாதிரி இருக்கும், சக்கரத்தில் வைத்ததும் கல் பிய்த்துக்கொண்டு பறக்கும். வேலை முடிந்தபின் குச்சியோடு ஃப்ரீசரில் கால் மணி நேரம் வைத்தால் தானாகவே விடுபடும். ஆனால் ஓப்பல் போன்ற கற்கள் இந்தச் சூடும் குளிரும் தாங்காமல் விரிசல் விட்டுவிடும், அவற்றிடம் இந்த வேலை கூடாது.

அப்புறம் சாணை. வைரத்தூள் பதித்த சக்கரம் சுற்றும், மேலே தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். நம்பர் கூடக் கூடத் தூள் மெலிசு. 80ஆம் நம்பரில் உருவம் கொண்டுவர வேண்டும். ஓரத்தைச் சுற்றி முதலில் ஒரு சரிவு, அதற்கு மேல் இன்னும் படுத்த ஒரு சரிவு, கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து உருட்டல். உச்சியில் ஒரு சின்னத் தட்டை தங்கிவிடுவது எல்லோருக்கும் நடக்கும். கை அங்கே போகத் தயங்குகிறது. கல்லில் தெரியும் டியூப்லைட்டின் பிரதிபலிப்பைப் பார்த்தால் தெரிந்துவிடும். கல்லைச் சாய்க்கும்போது அந்தக் கோடு வழுக்கிக்கொண்டு போனால் வளைவு சரி, ஓர் இடத்தில் நொடித்தால் அங்கே தட்டை.

உருவம் வந்தபின் 220, 280, 600, 1200, 3000, கடைசியில் 14000. 80ஆம் நம்பர் துகள் ஒன்று ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர். 14000 என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு. ஒவ்வொரு கட்டத்திலும் முந்தின கட்டம் போட்ட கீறலை அழித்து, அதைவிட மெல்லிய கீறலைப் போடுகிறோம். கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாத அளவுக்குக் கீறல் மெல்லிசாகும்போது அதற்குப் பளபளப்பு என்று பேர்.

உனக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தது இங்கேதான் இருக்கிறது. நாம் ஆற்றில் ஆசைப்பட்டது ஈரக் கல்லை. சாணையில் ஈரக் கல்லை நம்பவே கூடாது. நிறத்தைக் காட்டுகிற அதே தண்ணீர் கீறலை மூடிவிடும். 600-இல் தேய்த்துக்கொண்டிருப்பேன், கல் கண்ணாடி மாதிரி இருக்கும், முடிந்தது என்று மனசு சொல்லும். துணியால் துடைத்து, ஊதி, ஒரு நிமிஷம் காயவிட்டு லென்ஸில் பார்த்தால், 220 போட்ட நாலு கோடு அப்படியே உட்கார்ந்திருக்கும். அதை விட்டுவிட்டு மேலே போனால் ஒவ்வொரு கட்டத்திலும் கல் பளபளப்பாகும், அந்தக் கோடும் கூடவே பளிச்சென்று தெரியும். 14000-இல் நின்று கொண்டு ஒரு கோட்டை அழிக்க முடியாது. திரும்ப 220-க்குத்தான் போக வேண்டும். நான் போயிருக்கிறேன், நிறைய தடவை. இப்போது ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் காயவைத்துப் பார்க்காமல் நகர்வதில்லை. கட்டம் மாறும்போது கை, குச்சி, கல்லின் அடி, நகக்கண் எல்லாவற்றையும் கழுவிவிடுவேன். 80ஆம் நம்பர் துகள் ஒன்றே ஒன்று ஒட்டிக்கொண்டு 3000-க்கு வந்துவிட்டால் போதும், ஒரு நாள் வேலை போச்சு.

கடைசி மெருகு சில கற்களுக்கு வைரத்தூளால் வருவதில்லை. அகேட் மாதிரி குவார்ட்ஸ் ஜாதிக் கற்களுக்குச் சீரியம் ஆக்சைடு என்கிற மெருகுத் தூளைத் தண்ணீரில் குழைத்துத் தோல் வட்டில் தடவி அழுத்துவேன். வட்டு காய்ந்து வரும் நேரத்தில் கல்லை லேசாக இழுக்கும். அந்த இழுப்பில்தான் மெருகு ஏறுகிறது. சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

நீ செய்யலாமா என்றால், தாராளமாகச் செய். ஆனால் டாக்டர் சரி என்று சொல்கிற வரைக்கும் கண்ணில் தூசியோ தண்ணீரோ படும் எந்த வேலையும் வேண்டாம். அதற்கப்புறமும் கண்ணாடி போட்டுக்கொண்டுதான். கல்தூள் விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். குவார்ட்ஸின் தூள் நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் வரும், போன நுரையீரல் திரும்ப வராது. காய்ந்த கல்லைத் தேய்க்கவே கூடாது. தண்ணீர் விட்டாலும் தூள் நீர்த்திவலையோடு பறக்கும், முகத்தோடு ஒட்டுகிற நல்ல மாஸ்க் வேண்டும். சிந்திய சேறு காய்வதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிடு. மாலகைட் என்கிற பச்சைக் கல்லில் தாமிரம் இருக்கிறது, அதன் தூளும் உடம்புக்கு ஆகாது. அந்தப் பச்சையைப் பார்த்து ஆசைப்பட்டு முதல் கல்லாக எடுக்காதே.

இயந்திரம் இப்போதைக்கு வாங்க வேண்டாம். உடைந்த பளிங்குத் துண்டு, மார்பிள்தான், ஒன்றை எடுத்துக்கொள். மோஸ் என்பவர் 1812-இல் வகுத்த கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7, பளிங்கு 3 தான், அவ்வளவு மெது. தண்ணீர் உப்புத்தாள் 220-இல் தொடங்கி 400, 600, 1000, 2000 என்று வாங்கிக்கொள். ஒரு தட்டில் தண்ணீர் வைத்து, அடியில் மெத்தென்று ஒரு ரப்பர்த் துண்டை வைத்துக் கையாலேயே தேய். இரண்டு மூன்று சாயங்காலத்தில் ஒரு மேடு வந்துவிடும். கல் எப்படிப் பேசுகிறது என்று விரலுக்குப் புரிந்தபின் அகேட்டுக்கு வரலாம். அப்போது இங்கே வந்து பத்து நாள் தங்கு, சக்கரத்தில் சேர்ந்து உட்காரலாம்.

இப்போது பார்சலில் இருக்கிற கல். அது அகேட். எரிமலைக் குழம்பு ஆறும்போது உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுக்குமிழி ஒன்றில், சிலிக்கா கரைந்த நீர் புகுந்து படலம் படலமாகப் படிந்து உண்டானது. அதனால்தான் அந்தச் சாம்பலும் துருச்சிவப்புமான வளையங்கள். வெளியிலிருந்து உள்ளே எண்ணிக்கொண்டு போ, பதினேழு வரை எனக்குத் தெரிந்தது. இடது ஓரத்தில் முடி மாதிரி ஒரு கோடு இருக்கும். நகத்தால் தடவினால் தட்டுப்படாது. அது கீறல் இல்லை, எப்போதோ விரிந்து தானே மூடிக்கொண்ட பழைய விரிசல். அதை வெட்டி எறிந்துவிட்டுச் சின்னதாகச் செய்திருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை.

டம்ளர் தண்ணீரில் போடாதே. காய்ந்த துணியால் துடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் புதுக் கண்ணால் பார். அந்த ஒரு கோட்டைத் தவிர வேறு ஏதாவது தெரிந்தால் மறைக்காமல் எழுதி, கல்லையும் திருப்பி அனுப்பு. 600-இலிருந்து மறுபடி தொடங்குகிறேன்.

அன்புடன்,
கல்யாணி