அது படை விமானமா, ஐயா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் போர்க்காலத்தில் விழுந்த படை விமானங்கள் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். 1995 ஏப்ரல் 28, 29 என்று அடுத்தடுத்த நாட்களில் யாழ்ப்பாணத்துப் பலாலி விமானத் தளத்துப் பக்கம் வீழ்த்தப்பட்ட இரண்டு அவ்ரோ ரகப் படை விமானங்களைப் பற்றி எழுதியதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அதே மூச்சில், 1998 செப்டம்பர் 29 இல் மன்னார்க் கடலில் விழுந்த அன்ரனோவ் ரக விமானத்தையும் சிறிய இராணுவப் போக்குவரத்து விமானம் என்று கட்டுரையாளர் சேர்த்துவிட்டார். அது லயன் எயார் 602, ஐயா. காசு கொடுத்து ரிக்கற் வாங்கிய சனம் போன விமானம். பயணிகள் 48, பணியாளர் 7, மொத்தம் 55 பேர். ஒருவரும் மிஞ்சவில்லை. உங்களுக்குத் தெரியாததா?

அந்த நாட்களில் எனக்கு யாழ்ப்பாணத்தில் உத்தியோகம். தரைவழியான ஏ9 பாதை பூட்டு. ஊருக்கு வருவதென்றால் ஒன்று கப்பலில் திருகோணமலை. இல்லையென்றால் பலாலியில் விமானம் ஏறி கொழும்புக்குப் பக்கத்து ரத்மலானையில் இறங்கி, பிறகு பஸ் பிடித்து, வெலிக்கந்தையிலும் புணாணையிலும் சோதனைக்காக மூட்டை முடிச்சோடு இறங்கி ஏறி மட்டக்களப்பு. அந்தக் கொம்பனியின் அன்ரனோவில் நானும் வந்திருக்கிறேன். சோதனையில் என் பனங்கட்டிக் குட்டானைக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். பக்கத்து இருக்கையில் ஓர் அம்மா, மடியில் பிள்ளை, காலடியில் ஒடியல் மாப் பை. இதுதான் உங்கள் கட்டுரையாளரின் படையணி!

படைக்காரரை ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு அப்போதே இருந்தது. கொம்பனிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்ததாகவும் சொன்னார்கள். புலிகள் ஏவுகணையால் வீழ்த்தினார்கள் என்பது பிந்திய விசாரணையில் வந்த செய்தி. அன்றைய பேச்சுக்கு இத்தனை வருடம் கழித்து நீங்கள் அச்சில் முத்திரை குத்தியிருக்கிறீர்கள். 2012 இல்தான் இரணைதீவுப் பக்கம் கடலடியில் விமானத்தைக் கண்டுபிடித்தார்கள். 2014 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் உடுதுணிகளைப் பரப்பி வைத்து, உங்களுடையதா பாருங்கள் என்று உறவினரைக் கூப்பிட்டார்கள். பதினைந்து வருடம் உப்புத் தண்ணீரில் கிடந்த துணியில் எதை அடையாளம் பிடிப்பது? அதையும் பார்க்கப் போனார்களே, அந்தக் குடும்பங்களில் யாராவது உங்கள் பத்திரிகை வாங்குவார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

படம் இன்னொரு கூத்து. அன்ரனோவுக்கு இறக்கை ஜன்னலுக்கு மேலே இருக்கும். உட்கார்ந்தால் கீழே கடல் மறைப்பில்லாமல் தெரியும். நீங்கள் போட்ட படத்தில் இறக்கை வயிற்றோடு கிடக்கிறது. அது அவ்ரோ. அவசரம் போலும்.

எங்கள் பக்கத்துக் கதை என்றால் மட்டும் உங்களுக்கு அவசரமே வராது. ஏப்ரல் பிறந்தால் மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹேர்மிஸ் என்ற வெள்ளைக்காரரின் போர்க்கப்பல். 1942 ஏப்ரல் 9, ஜப்பான்காரன் போட்ட குண்டு, கப்டன் ஒன்ஸ்லோ, மாண்டவர் 307 என்று ஒரு எண் பிசகாமல் வரும். சந்தோஷம், அவர்களும் மனிதர்தான். அப்புறம் வாவியில் பாடும் மீன், அதற்கப்புறம் வெள்ளம். மட்டக்களப்பு இந்த மூன்றோடு சரி. எங்கள் விமான நிலையத்தை 2018 இல் பொதுமக்களுக்குத் திறந்தபோது வாழ்த்துப் பா மாதிரி முழுப் பக்கம் எழுதினீர்கள். அங்கே ஏறிய ஒருவரை இன்றுவரை எங்கள் தெருவில் நான் காணவில்லை என்று அப்போதே ஒரு கடிதம் போட்டேன். அதில் வணக்கமும் நன்றியும் மட்டும் அச்சில் வந்தன. நடுவில் இருந்ததை விழுங்கிவிட்டீர்கள். இதற்கும் அதே கதி என்றால் போடாமலே விடுங்கள், கோபிக்க மாட்டேன்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அது பயணிகள் விமானம் என்று ஒரு வரி. மரண அறிவித்தல்களுக்குக் கீழே மூலையில் வேண்டாம். சரியான படம் கிடைத்தால் அதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வூதியர் ஒருவர்,
ஆரையம்பதி.