வாசலில் அறுந்துபோகும் வைஃபை காலிங்: ஐந்து புகார் எண்ணுக்குப் பிறகு ஒரு கடிதம்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பொது மேலாளர் அவர்கள், தமிழ்நாடு வட்டம்
அனுப்புநர்: மாதம் 649 ரூபாய் தவறாமல் கட்டும் வாடிக்கையாளர், காரைக்குடி

ஐயா / அம்மா, வணக்கம்.

இதுவரை ஐந்து முறை போனில் புகார் சொல்லிவிட்டேன். ஐந்துக்கும் நம்பர் தந்தீர்கள். ஐந்துமே ‘உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது’ என்று மெசேஜ் வந்து முடிந்தன. ஐந்தாவது புகாரைத் தீர்த்துவிட்டதாக மெசேஜ் வந்தபோது நான் இன்னும் லைனில்தான் காத்துக்கொண்டிருந்தேன். காதில் உங்கள் விளம்பரப் பாட்டு. வாயால் சொன்னது எடுபடவில்லை, அதனால்தான் தாளில் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். ஐந்து நம்பரும் பின்பக்கத்தில் இருக்கின்றன.

உங்கள் பிளானைப் பற்றி உங்களுக்கே நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டு வைஃபையும் இரண்டு சிம்மும் சேர்த்து மாதம் 550, வரி 99. பங்குனியில் உங்கள் ஆள் வீடு தேடி வந்து, ‘அக்கா, வீட்டுக்குள்ள இருந்தா கால் வைஃபைல போகும், வெளில போனா டவர்ல போகும். பேச்சு நடுவுல மாறினதே தெரியாது’ என்றார். அந்தக் கடைசி வரிக்காகத்தான் கையெழுத்துப் போட்டேன். மலிவு என்பதும் ஒரு காரணம், மறைக்கவில்லை. 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் எல்லாம் விலை ஏற்றியதில் இருந்து வீட்டில் மூன்று ரீசார்ஜ் என்பது மளிகைச் செலவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

நாங்கள் இருப்பது பழைய செட்டிநாட்டு வீட்டின் பின்பகுதியில், வாடகைக்கு. ஒன்றரை முழச் சுவர். இரண்டாம் கட்டுக்குள் எந்தக் கம்பெனி டவரும் எட்டிப் பார்த்ததில்லை. அடுப்படியில்தான் எங்கள் பலகாரத் தொழில்: சீப்புச் சீடை, தேன்குழல், மணகோலம். ஆர்டர் எல்லாம் போனில்தான். முன்பெல்லாம் போன் அடித்தால் கரண்டியைப் போட்டுவிட்டுத் திண்ணைக்கு ஓட வேண்டும். நான் போய்ச் சேர்வதற்குள் கட் ஆகியிருக்கும், பாகும் முறுகியிருக்கும். வைஃபையில் கால் வந்தால் அடுப்பு பக்கத்திலேயே நின்று பேசலாம் என்பது எனக்குப் பெரிய வரமாகத்தான் பட்டது. அடுப்படியில் நின்றால் இன்றைக்கும் குரல் கணீரென்று கேட்கிறது. இல்லாததைச் சொல்லி எழுத எனக்கு நேரமில்லை.

சிக்கல் நடக்கும்போது வருகிறது. பார்சல் ஏற்ற ஆட்டோ வந்துவிடும், யாருக்கு எந்த டப்பா என்று காட்ட வேண்டும், அதனால் பேசிக்கொண்டே உள்முற்றமான வளவைத் தாண்டி முகப்புக்கு வருவேன். முகப்பு வரை குரல் இருக்கும். திண்ணையில் கால் வைத்ததும் எதிர்ப்பக்கம் கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல ஆகும். அப்புறம் மௌனம். பத்துப் பன்னிரண்டு விநாடி ‘ஹலோ ஹலோ’ என்று நான் கத்துவதைத் தெருவே கேட்கும், பேச வேண்டியவருக்கு மட்டும் கேட்காது. பிறகு டிங் என்று கட். திண்ணையில் உங்கள் டவர் நான்கு கோடும் முழுசாகக் காட்டுகிறது. அப்படியிருந்தும் போன், உள்ளே இருக்கும் வைஃபையின் கடைசி ஒரு கோட்டை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டு நிற்கிறது.

இதைத்தான் மூன்றாவது முறை போன் செய்தபோது உங்கள் கால் சென்டர் தம்பியிடம் பொறுமையாகச் சொன்னேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், உங்கள் ரெக்கார்டிங்கில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ‘மேடம், பேசும்போது நீங்க ஏன் நடக்கறீங்க? ஒரு எடத்துல உக்காந்து பேசுங்க.’

ஐயா, இது செல்போன்தானே? என் மாமனார் காலத்தில் முகப்பில் சின்ன மேசை போட்டு ஒரு கறுப்பு போன் வைத்திருந்தார்கள். அதில் பேசும்போதுகூட வயர் எட்டும் தூரத்துக்கு மனுஷர்கள் நடந்தார்கள். இத்தனை வருஷம் கழித்து ‘உட்கார்ந்து பேசுங்கள்’ என்று சொல்லத்தான் என்னிடம் மாதம் 649 வாங்குகிறீர்களா? ‘உங்க பேர் என்ன தம்பி’ என்று கேட்டதற்கு, ‘வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்’ என்றார். முதலில் எந்த உதவி செய்தார் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். அழைப்பு முடிந்ததும், இந்த உரையாடலுக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் கொடுங்கள் என்று மெசேஜ். அதில் பூஜ்யம் போட வழியே வைக்கவில்லை.

சரி, கோபத்தில் எழுதுகிறேன், மன்னிக்கவும். விஷயத்துக்கு வருகிறேன்.

என் அக்கா மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதற்காக உட்கார்ந்தான். போனில் வோல்ட்டி, அதாவது 4ஜி டவர் வழியாகப் பேசும் வசதி, ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்தான், ஆனில்தான் இருந்தது. அது இல்லாவிட்டால் வைஃபை கால் டவருக்குத் தாவ முடியாதாம். ‘வைஃபை முன்னுரிமை’ என்பதை ‘செல்லுலார் முன்னுரிமை’ என்று மாற்றிப் பார்த்தான். அப்போது அடுப்படியிலேயே போன் இல்லாத டவரைத் தேடித் தேடி, மத்தியானத்துக்குள் பாட்டரி பாதி காலி. ரூட்டரில் வைஃபை கால் போய்வரும் 500, 4500 என்ற இரண்டு கதவுகளும் (போர்ட் என்பார்கள்) திறந்திருக்கின்றனவா என்று பார்த்தான், திறந்திருந்தன. அவனுடைய சிம் வேறு கம்பெனி. அதை என் போனில் போட்டு, அதே வைஃபையில், அதே திண்ணைக்கு நடந்து காட்டினான். கால் கட் ஆகவில்லை. ‘சித்தி, போன்லயும் குறை இல்ல, வீட்டுலயும் குறை இல்ல. கால் கைமாறுற எடம் இவங்க பக்கத்துலதான் சரியில்ல’ என்றான். இந்தியாவில் வைஃபை காலிங் வந்தது 2019 டிசம்பரில். இத்தனை வருஷம் கழித்து ஒரு பாலிடெக்னிக் பையன் ஞாயிற்றுக்கிழமையில் கண்டுபிடித்ததை உங்கள் இன்ஜினியர்களால் நான்கு மாதத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் நான் நம்பத் தயாரில்லை. தெரிந்தும் சும்மா இருக்கிறீர்கள்.

மதுரைக்குப் போன கதையை எழுதாமல் இந்தக் கடிதம் முடியாது.

சிம் பழசாக இருக்கலாம், மாற்றினால் சரியாகிவிடும் என்றார்கள் நான்காவது முறை. இங்கே உள்ள உங்கள் கடையில் போய்க் கேட்டால் ‘இந்த பிளான் சிம் எங்க சிஸ்டத்துல வராதுங்க, மதுரைக்குப் போங்க’ என்றார்கள். மணகோலத்துக்கு மாவு வறுத்து வைத்த நாள் அது. வேலையைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் விட்டுவிட்டு, காலை பஸ் பிடித்து, திருப்பத்தூர், மேலூர் வழியாக மாட்டுத்தாவணி, அங்கிருந்து ஆட்டோ. டோக்கன் 47. கூப்பிட்டது பன்னிரண்டே முக்காலுக்கு. கவுன்டரில் இருந்த பெண் நல்ல பெண், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ‘உங்க நம்பருக்கு ஓடிபி வரும், சொல்லுங்க அக்கா’ என்றார். வரவில்லை. மறுபடி அனுப்பினார். வரவில்லை. மூன்றாவது முறையும் இல்லை. ‘மூணு தடவைக்கு மேல சிஸ்டம் விடாது அக்கா, நாளைக்கு வாங்க’ என்றார்.

நாளைக்கு வாங்க! காரைக்குடி என்ன, அடுத்த தெருவிலா இருக்கிறது?

திரும்பி வரும்போது பஸ் ஒத்தக்கடையைத் தாண்டியது. டிங், டிங், டிங். மூன்று ஓடிபியும் வரிசையாக வந்து விழுந்தன. பஸ்ஸிலேயே அழுகை வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த பாட்டி ஏதோ சாவுச் செய்தி என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று இரவு அக்கா மகன்தான் காரணம் சொன்னான். உங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் என் போன் உங்கள் வைஃபையில் தானாக ஒட்டிக்கொண்டுவிட்டது. கால் வைஃபையில் வருகிறது, ஆனால் மெசேஜ் அந்த வழியில் வந்து சேரவில்லை. வைஃபையை விட்டு வெளியே வந்த பிறகுதான் டவர் வழியாக வந்திருக்கிறது. அதாவது உங்கள் அலுவலகத்தில், உங்கள் வைஃபையில், உங்கள் சிம்முக்கு, நீங்கள் அனுப்பிய மெசேஜ் வரவில்லை. ‘வைஃபையை ஆஃப் பண்ணுங்க’ என்ற ஒரு வார்த்தையை அங்கே இருந்த எட்டுப் பேரில் ஒருவருக்காவது தெரிந்திருக்கக் கூடாதா? அந்த ஒரு நாளில் எனக்கு ஐயாயிரம் ரூபாய் வியாபாரம் போனது. வறுத்த மாவு வேறு காறிப்போனது.

அடுத்த வாரம் மறுபடி போய் சிம்மை மாற்றினேன். மாற்றிய 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது என்பது விதியாம். அந்த ஒரு நாளும் பேங்க் ஓடிபி எதுவும் வராமல் எண்ணெய்க் கடைக்காரருக்குப் பணம் அனுப்ப முடியவில்லை. சரி, மோசடியைத் தடுக்கத்தான் என்று பொறுத்துக்கொண்டேன். புது சிம்மிலும் வாசலில் அதே கட். போதும், இதே நம்பரோடு வேறு கம்பெனிக்கு மாறிவிடலாம் என்று 1900-க்கு போர்ட் மெசேஜ் அனுப்பினால், சிம் மாற்றி ஏழு நாள் ஆகவில்லை, போக முடியாது என்று வந்தது. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து அப்படி விதி இருப்பது உங்களுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் என்னை சிம் மாற்ற வைத்தீர்கள் என்று என் கணவர் சொல்கிறார். நான் அந்த அளவுக்குச் சந்தேகப்படவில்லை. ஆனால் ‘உட்கார்ந்து பேசுங்க’ என்று சொன்னவர்கள் எதையும் செய்வார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

நஷ்டக் கணக்குக்கு வருகிறேன். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஆனி மாதக் கடைசியில் தேவகோட்டையிலிருந்து ஒரு ஆச்சி பேசினார்கள். ஆவணி முகூர்த்தம், பெண்ணுக்குச் சீர்ப் பலகாரம், நூற்றைம்பது டப்பா. விலை பேசி முடித்து, மணகோலத்துக்கு எந்த வெல்லம் போடுவீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்க, நான் எழுந்து திண்ணைக்கு வந்தேன். கட். திரும்பக் கூப்பிட்டேன், பேசிக்கொண்டே டப்பாவை எடுத்துக் கொடுத்தேன், மறுபடி கட். மூன்றாம் முறை ஆச்சி எடுக்கவில்லை. சாயங்காலம் அவர்கள் வீட்டுப் பெண் ஒருத்தி மெசேஜ் போட்டாள்: ‘ஆச்சி வேற எடத்துல சொல்லிட்டாங்க. பேசப் பேச போனை வைக்கறவங்க கிட்ட எப்படி கல்யாண வேலைய நம்பிக் குடுக்கறதுன்னு கேக்கறாங்க.’

பேசப் பேச வைக்கிறவள் என்று எனக்குப் பெயர். எட்டு வருஷமாக இந்தத் தொழில் செய்கிறேன். அந்த ஒரு ஆர்டர் முப்பத்தெட்டாயிரம். அந்தக் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் மூலம் வரவேண்டிய ஆர்டர்களையும் கணக்குப் பார்த்தால் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாது. மானத்துக்கு விலை போட்டால் இன்னும் மேலே போகும்.

வீட்டில் மாமியாருக்கு 78 வயது. நள்ளிரவில் 108-க்குப் பேசிக்கொண்டே வாசலுக்கு வந்து வழி காட்ட வேண்டிய நிலை வந்தால் என்ன செய்வது என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. அப்போதும் உட்கார்ந்துதான் பேச வேண்டுமா?

நான் கேட்பது அதிகமில்லை. வைஃபையிலிருந்து டவருக்கு கால் கட் ஆகாமல் மாறும்படி செய்து கொடுங்கள். முடியாது என்றால் முடியாது என்று எழுத்தில் கொடுங்கள். நான்கு மாதம் வாங்கிய 2,596 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். இரண்டு முறை மதுரைக்குப் போய் வந்த செலவைத் தாருங்கள். அந்தத் தம்பி போன் செய்து மன்னிப்புக் கேட்கட்டும். வேலையை விட்டு எடுக்க வேண்டாம், அவரும் யார் வீட்டுப் பிள்ளையோ. தேவகோட்டை ஆர்டருக்கு என்ன தருவீர்கள் என்பதை உங்கள் மனசாட்சிக்கு விடுகிறேன்.

மனசாட்சி வேலை செய்யவில்லை என்றால் எனக்கும் வழி தெரியும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012-ஆம் வருஷ விதிப்படி உங்கள் மேல்முறையீட்டு அமைப்புக்கு இன்றே மனு அனுப்புகிறேன். அதற்குக் கட்டணம் கிடையாது, 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் சிவகங்கை நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சத்துக்குள் அங்கேயும் கட்டணம் இல்லை. ‘டெலிபோன் வழக்கு அங்கே செல்லாது’ என்று பழைய பாட்டைப் பாட வேண்டாம். செல்லும் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அக்கா மகன் அந்தத் தீர்ப்பை பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறான்.

இவ்வளவு எழுதியும், உங்கள் சேவை சரியானால் தொடரவே விரும்புகிறேன். அடுப்படியில் நின்று பேச முடிகிறதே, அந்த ஒன்றை விட மனசில்லை. தீபாவளி ஆர்டர் புரட்டாசி பாதியிலேயே தொடங்கிவிடும். அதற்குள் ஒரு இன்ஜினியரை அனுப்புங்கள். ஆட்டோ வரும் நேரம் காலை பத்தரை. அப்போது வந்தால் என்னோடு அடுப்படியிலிருந்து திண்ணை வரை அவரும் ஒரு முறை நடந்து பார்க்கலாம்.

என் நம்பருக்குக் கூப்பிடுவதானால் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் எனக்கு எழுந்து நடக்கும் வேலை இருக்காது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்