தோட்டச் சங்க ஆண்டறிக்கை: செயலாளர் வாசித்தது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

இந்த ஆண்டு 12 மாதக் கூட்டங்களில் 10 நடந்தன. மீதி 2 மழையில் போயின. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

தோட்ட வேலையை ஓர் ஆன்மிகப் பயிற்சியாகவும் செய்து பார்ப்பது, பருவந்தோறும் அதைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பது என்று போன பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். எதிர்த்துக் கை தூக்கிய மூவரில் நானும் ஒருவன். களையெடுக்க வந்தவர்களைத் தத்துவம் பேசவைத்தால் களை அப்படியே நிற்கும் என்பது என் வாதம். முதல் நாளே எந்தப் பிரார்த்தனையோடு தொடங்குவது என்று சச்சரவு வந்தது. ஒருவர் பாட வேண்டும் என்றார், இன்னொருவர் கூடவே கூடாது என்றார், கடவுள் நம்பிக்கை இல்லாதவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசியில், 10 நிமிடம் யாரும் பேசாமல் பாத்தி ஓரம் உட்காருவது என்று முடிவாயிற்று. ஒற்றுமையால் வந்த மௌனம் இல்லை, வேறு வழி தெரியாமல் வந்தது. ஆனாலும் நிலைத்துவிட்டது.

வேனில் மாதங்களின் பக்கங்களில் புலம்பல்தான் அதிகம். மண்ணுக்கு மூடாக்கு போட்டபின் தண்ணீர் ஊற்றுவது குறைந்தது, கவலை குறையவில்லை.

மழை வந்தது, கூடவே கோரையும் வந்தது. கோரையை மேலோடு அறுத்துப் பயனில்லை. மண்ணுக்குள் கிழங்குகள் கோத்தாற்போல் ஓடும். ஒன்று தங்கினாலும் மறுபடி தலைநீட்டும். "என் கோபமும் இப்படித்தான்" என்று ஓர் உறுப்பினர் எழுதியிருந்தார். மறுவாரம் கோரை திரும்பிவிட்டது. கோபத்தைப் பற்றித் தகவல் இல்லை. 7-ஆம் நூற்றாண்டில் அப்பர் உழவாரம் ஏந்திக் கோயில் கோயிலாகப் புல் செதுக்கியதை ஒரு மூத்த உறுப்பினர் எடுத்துச் சொன்னார். செதுக்கிய இடத்தில் அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும் என்று அப்பருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? இந்தக் கேள்வி எனக்குள் பல நாள் கிடந்தது.

பனிக்காலத்தில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், தவறு என்னுடையது என்பதால். செவ்வந்திப் பாத்தி ஒன்று மட்டும் மொட்டே வைக்கவில்லை. உரம் போட்டோம், மண்ணைக் கிளறினோம், நாற்றைக் குறை சொன்னோம். கருவிக் கொட்டகை வாசலில் பாதுகாப்புக்காக நான் மாட்டிய விளக்கு இரவெல்லாம் அந்தப் பாத்தியின்மேல் எரிந்துகொண்டிருந்தது. செவ்வந்தி பூக்க நீண்ட, இடையில் வெளிச்சம் படாத இரவு வேண்டும். பகலின் நீளத்தைப் பார்த்துச் செடிகள் பூக்கின்றன என்பதை 1920-இல் கார்னர், அல்லார்டு என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் புகையிலையையும் சோயாவையும் வளர்த்து எழுதினார்கள். நானும் அதைப் படித்தவன்தான். விளக்கை அணைத்தோம். சில வாரங்கள் கழித்து, மற்ற பாத்திகள் வாடும் நேரத்தில், இந்தப் பாத்தி பூத்தது. அதற்குக் குறைந்திருந்தது நம் கவனிப்பு இல்லை, இருட்டு. அன்றைய 10 நிமிடத்தில் நான் முதல்முறையாகக் கடிகாரம் பார்க்கவில்லை.

இலையுதிர்வு பற்றி ஒரு வரி. காற்று பறிப்பதாக நினைக்கிறோம். மரம் முதலில் இலையிலிருந்து தழைச்சத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு, காம்படியில் ஒரு பிரிவடுக்கை அமைத்த பிறகுதான் விடுகிறது. காற்றுக்குக் கடைசி வேலை மட்டும்.

இந்த ஆண்டு நம் உறுப்பினர் ஒருவரை இழந்தோம். கை நடுக்கத்தால் அவர் மண்வெட்டியைத் தொட்டு நாளாகியிருந்தது. குறிப்பேட்டில் அவருடைய கடைசிப் பதிவு: "இன்று ஒன்றும் செய்யவில்லை. அவரைக்கொடி பந்தலைத் தேடுகிறது. பார்த்துக்கொண்டிருந்தேன்." அந்தக் கொடியில் முற்றிய நெற்றுகளை விதைக்காக எடுத்து வைத்திருக்கிறோம், வேண்டுவோர் கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம்.

அப்புறம் தீர்மானம். குறிப்பேடு அடுத்த ஆண்டும் தொடர வேண்டும் என்று இம்முறை நானே முன்மொழிகிறேன், ஒரு நிபந்தனையோடு: மனநிலை எழுதுகிறவர்கள் விதைத்த தேதியையும் எழுத வேண்டும்.

கடைசியாக, கொட்டகையிலிருந்து 2 களைக்கொத்துகளும் ஒரு கத்தரியும் காணவில்லை. பைஜாங் என்ற பழைய சீனத் துறவி முதுமையிலும் தோட்டத்தில் உழைத்தாராம். இரக்கப்பட்ட சீடர்கள் அவருடைய கருவிகளை ஒளித்துவைக்க, அவை திரும்பக் கிடைக்கும்வரை அவர் சாப்பிட மறுத்துவிட்டாராம். நம் கருவிகளையும் அப்படி யாராவது செயலாளர்மேல் இரக்கப்பட்டு ஒளித்திருந்தால் தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள். செயலாளர் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்