அக்காவுக்கு, அந்த நான்கு பக்கங்கள் பற்றி

அன்புள்ள அக்கா,

மார்பகப் புற்றுநோய் திரும்பாமல் இருக்க நான் விழுங்கிவந்த தமாக்சிஃபென் மாத்திரையை இனி நிறுத்திவிடலாம் என்று சென்ற வாரம் மருத்துவர் சொன்னதை உன்னிடம் தொலைபேசியில் சொன்னபோது நீ அழுதாய். 2019 ஜனவரியில் தொடங்கிய மாத்திரை அது. நாளுக்கு ஒன்றாக ஐந்து ஆண்டுகள் விழுங்கி முடித்துவிட்டேன். நீ அழுததைக் கேட்டும் நான் அழவில்லை, மதுரையில் மழை உண்டா என்று பேச்சை மாற்றினேன். ஏன் மாற்றினேன் என்பதைத்தான் எழுதுகிறேன். நேரில் சொல்லியிருக்க வேண்டியது. ஆனால் நான் வாயெடுத்தால் நீ அடுக்களைக்குள் போய்விடுகிறாய், நீ வாயெடுத்தால் எனக்கு ஏதாவது வேலை வந்துவிடுகிறது; இத்தனை ஆண்டுகளும் அப்படித்தான் கழிந்தன.

பொதுவில் எழுதுவது உனக்குப் பிடிக்காது என்று தெரியும். நோய் தெரிந்த புதிதில் இருக்கும் பெண்கள் இப்போதெல்லாம் என்னிடம் வந்து, "என்ன படிக்கலாம், எதைப் படிக்காமல் இருக்கலாம்?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்லத் தொடங்கினாலே உன் முகம் வந்து நிற்கிறது. உன்னிடம் சொல்லாமல் அவர்களிடம் சொல்வது சரியாகப் படவில்லை. நம் சொந்தக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சிலரைப் பெயரில்லாமல் எழுதுகிறேன், சிலவற்றை எழுதாமலே விடுகிறேன். விட்டது எது என்று உனக்குத் தெரியும்.

நோயைப் பற்றி மருத்துவமனையில் கொடுத்த அந்தக் கையேடு உனக்கு நினைவிருக்கும். வெளிர்நீல அட்டை, நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் பின், 32 பக்கங்கள். செவிலியர் அதை உன் கையில்தான் கொடுத்தார். நோயாளி அருகில் உட்கார்ந்திருக்கும்போதே கூடவந்தவரிடம் பேசுவதும், கூடவந்தவரிடமே தாள்களைக் கொடுப்பதும் நம் ஊர் வழக்கமாகிவிட்டன. அன்றிரவு நீ அதை என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்து, "எல்லாம் பொதுவாகத்தான் எழுதியிருக்கிறார்கள், மெதுவாகப் படித்துக்கொள்" என்றாய். நான் புரட்டினேன். எழுத்துகள் கண்ணில் பட்டன, மனத்தில் ஏறவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

கீமோவில் ஏற்றும் அந்தச் சிவப்பு மருந்தின் இரண்டாவது தவணை முடிந்து பத்தாம் நாள் மாலை எனக்குக் குளிர் எடுத்தது. வெப்பமானியில் 101.2 இருந்தது. நீ பாராசிட்டமால் கொடுத்தாய், நெற்றியில் ஈரத்துணி போட்டாய், மிளகு ரசம் வைத்தாய், இரவெல்லாம் கண்மூடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். காலையில் போய்க்கொள்ளலாம் என்றாய், நானும் சரி என்றேன். காலையில் என்னால் எழுந்து நிற்க முடியவில்லை. அதன்பிறகு நடந்தவை உனக்குத் தெரியும். மருத்துவமனையில் சேர்த்த பிறகு மருத்துவர் உன்னைப் பார்த்துக் கேட்டதை மட்டும் எழுதுகிறேன்: "100.4 டிகிரியைத் தொட்டால் நள்ளிரவானாலும் உடனே வர வேண்டும் என்று கையேட்டில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறதே, நீங்கள் படிக்கவில்லையா?" நீ தரையைப் பார்த்தாய்.

கீமோ ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரைக்குள் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துவிடும் என்பதையும், அந்த நாள்களில் சீழ், வீக்கம் எதுவும் தெரியாமல் பல நேரம் வெறும் காய்ச்சல் மட்டுமே கிருமித் தொற்றைக் காட்டிக்கொடுக்கும் என்பதையும், பாராசிட்டமால் போட்டு அதை இறக்கினால் அந்த ஓர் அடையாளமும் மறைந்துபோகும் என்பதையும் நான் அந்தக் கட்டிலில்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் அத்தானிடம் சொல்லிக் கையேட்டைக் கொண்டுவரச் செய்தேன். பத்தாம் பக்கத்துக்கு அடுத்தது பதின்மூன்றாக இருந்தது. இருபதுக்கு அடுத்தது இருபத்துமூன்று. எங்கும் கிழிசல் இல்லை. மேல் பின்னின் ஒரு கால் மட்டும் சற்றுக் கோணலாக மடங்கியிருந்தது. கணக்கு ஆசிரியைக்கு அதைப் புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை. நடுவில் பின் அடித்த 32 பக்கப் புத்தகத்தில், ஒரே தாளின் ஒரு முகத்தில் இருக்கும் இரண்டு பக்க எண்களைக் கூட்டினால் எப்போதும் 33 வரும். பதினொன்றை எடுத்தால் இருபத்திரண்டும் போகும். பன்னிரண்டை எடுத்தால் இருபத்தொன்றும் போகும். செவிலியரிடம் இன்னொரு பிரதி கேட்டு வாங்கிப் பார்த்தேன். பதினொன்றில் நோயின் நிலைகளும், எந்த நிலையில் எத்தனை பேர் எத்தனை ஆண்டு இருக்கிறார்கள் என்ற அட்டவணையும் இருந்தன. பன்னிரண்டில் நோய் எங்கெங்கே பரவக்கூடும் என்பது. இருபத்திரண்டில் வாய்ப்புண்ணுக்கான குறிப்புகள். இருபத்தொன்றில் கட்டம் கட்டிய அந்தக் காய்ச்சல் வரிகள், கீழே இரவிலும் அழைக்க வேண்டிய எண்.

நான் இதைக் கண்டுகொண்டேன் என்று உனக்கு இதுவரை தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது.

நீ எடுக்க நினைத்தது அந்த அட்டவணையை மட்டும்தான் என்று எனக்குத் தெரியும். பின்னின் காலை நகத்தால் நிமிர்த்தி, தாளை உருவி, மறுபடி மடக்கி வைத்தபோது பின்பக்கம் என்ன போகிறது என்று நீ பார்த்திருக்கமாட்டாய். அதற்கு முன் அந்த எண்களை நீ தனியாகப் படித்திருக்கிறாய். பதினான்கு நிணநீர் முடிச்சுகளில் இரண்டில் இருந்தது என்ற என் அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த வரிசை எனக்குரியது என்று விரல் வைத்துத் தேடியிருப்பாய். அதை யாரிடமும் சொல்லாமல் அத்தனை மாதங்கள் என் துணிகளைத் துவைத்தாய், என் வாந்தியை அள்ளினாய். இதை எண்ணும்போது உன் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. வேறு சில நாள்களில், இது என் உடம்பு, என் எண்கள், அவற்றைப் பார்க்கும் முதல் ஆள் நானாக இருக்க வேண்டாமா என்ற கோபம் தவிர வேறெதுவும் வருவதில்லை. எனக்கு அப்போது 46 வயது, அக்கா. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சராசரியும் இடைநிலை அளவும் சொல்லிக்கொடுப்பவள் நான்.

அந்தப் பக்கத்தை எடுத்த நீ, இன்னொரு புத்தகத்தை என்னிடம் வர விட்டாய். யார் கொடுத்தது என்று இங்கே வேண்டாம். அடக்கி வைத்த கோபம்தான் கட்டியாகிறது, மன்னிக்கத் தெரிந்தவளுக்கு இந்த நோய் வராது என்று அதில் எழுதியிருந்தது. மனத்துக்குத் தெம்பாக இருக்கும் என்று நீயே அதைப் பிரித்துக் கொடுத்தாய். பல இரவுகள் நான் யார்மேல் என்ன கோபம் வைத்திருந்தேன் என்று பட்டியல் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். 1975-இல் மார்பகப் புற்றுநோய் வந்த சூசன் சொன்டாக் என்ற அமெரிக்க எழுத்தாளர், நோயை நோயாளியின் குணத்தோடு முடிச்சுப்போடும் இந்த வழக்கத்தைக் கண்டித்து 1978-இல் ஒரு புத்தகமே எழுதினார் என்பது எனக்கு மிகவும் பின்னால்தான் தெரிந்தது. என்னிடம் கேட்கும் பெண்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: நோய்க்கு உன்னைப் பொறுப்பாக்கும் புத்தகம் யார் கையிலிருந்து வந்தாலும் மூடி வை.

எனக்கு உதவிய படிப்பு அந்தக் காய்ச்சல் கட்டிலில்தான் கிடைத்தது. என் பள்ளியின் இயற்பியல் ஆசிரியை அனுப்பிய சில பக்கக் கட்டுரை அது. ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற தொல்லுயிரியல் அறிஞர், ஹார்வர்டில் பேராசிரியர். 1982 ஜூலையில், நாற்பது வயதில், வயிற்று உறையில் மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய் இருப்பது அவருக்குத் தெரிகிறது. இதைப் பற்றி எதைப் படிக்கலாம் என்று தம் மருத்துவரைக் கேட்கிறார். படிக்கத் தகுந்ததாக ஒன்றும் இல்லை என்று அந்த அம்மையார் நயமாகச் சொல்லிவிடுகிறார். நடக்க முடிந்ததும் கூல்ட் நேரே மருத்துவ நூலகத்துக்குப் போகிறார். நோய் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு வாழும் காலத்தின் இடைநிலை அளவு எட்டு மாதம் என்று அங்கே இருக்கிறது. கால் மணி நேரம் அப்படியே உறைந்து உட்கார்ந்திருந்தாராம். அந்த மருத்துவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிகிறது. இந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். கட்டிலின் கால்மாட்டில் நீ முந்தானையைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாய்.

பிறகு தொடர்ந்தேன். எட்டு மாதம் இடைநிலை என்றால் பாதிப் பேர் எட்டு மாதத்தைத் தாண்டியவர்கள். எத்தனை பேர் எத்தனை மாதம் இருந்தார்கள் என்று போடும் வரைபடத்தின் இடப்பக்கம் சுழியத்தில் முட்டி நின்றுவிடும். வலப்பக்கத்துக்கு அப்படிச் சுவர் இல்லை, ஆண்டுக்கணக்கில் நீண்டுகொண்டே போகலாம். தவிர, அந்த எண்கள் பழைய சிகிச்சை பெற்றவர்களுடையவை. தம் வயது, கிடைக்கும் சிகிச்சை எல்லாவற்றையும் வைத்துப் பார்த்து, அந்த நீண்ட வாலில் தமக்கும் இடம் இருக்கலாம் என்று அவர் கணக்கிட்டார். 1985-இல் இதை எழுதினார். 2002 வரை இருந்தார், கடைசியில் வேறொரு புற்றுநோயால் இறந்தார். இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் நான் எழுதிவந்த இடைநிலை அளவுக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றுவரை உறைக்கவில்லை. செவிலியர் தந்த பிரதியை எடுத்துப் பதினொன்றாம் பக்கத்தைத் திறந்தேன். எனக்குரிய வரிசையைக் கண்டுபிடித்தேன். நான் பயந்துகொண்டிருந்ததைவிட அது எவ்வளவோ நல்ல எண், அக்கா. தெரியாமல் இருந்த நாள்களில் நான் மனத்தில் போட்டுவைத்திருந்த எண் ஒன்று உண்டு, அதை உன்னிடம் ஒருபோதும் சொல்லமாட்டேன். அட்டவணை அதைத் துடைத்துவிட்டது.

நீ படித்துக் காட்டியவற்றிலும் என்னோடு தங்கியவை உண்டு. வாரந்தோறும் மருந்து ஏற்றிய பன்னிரண்டு வாரங்களில் எனக்கு எந்தக் கதையும் ஓடவில்லை, ஒரு பத்தி தாண்டினால் முந்தைய பத்தி மறந்துபோயிற்று. அப்போது நீ அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டை எடுத்துவந்து, வாய் வெந்துகிடந்த எனக்கு வற்றல்குழம்பின் அளவுகளைப் படித்தாய். இன்னொரு நாள் பழைய வார இதழில் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி வந்திருந்ததைப் படித்தாய்: 1923-இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 31 ஆண்டுகள் கழித்து, 1954-இல், 12 படுக்கைகளோடு அடையாறு மருத்துவமனையைத் திறந்தார் என்பது வரை வந்தாய். "தங்கை" என்ற சொல்லில் உன் குரல் நின்றுவிட்டது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாய். அன்றைக்கே நான் கையேட்டைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும்.

கேட்காததற்கு உன்மேல் இருந்த இரக்கம் மட்டும் காரணமில்லை. உன் புதுமனைப் புகுவிழாவுக்குத் தொற்றுப் பயம் என்று சொல்லி வராமல் இருந்தேனே, அது பொய். அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். அந்த வீட்டுக்குள் வந்து, எல்லாரும், "இவள் அக்கா இல்லையென்றால் இவள் இல்லை" என்று சொல்வதைக் கேட்டுத் தலையாட்ட என்னால் முடிந்திருக்காது. அவர்கள் சொல்வது உண்மைதான். அதனால்தான் முடிந்திருக்காது.

இன்னொரு காரணம் அப்பா. 1996-இல் அவருக்குப் புற்றுநோய் என்று அவரிடம் சொல்ல வேண்டாம் என்று அம்மாவும் நீயும் நானும் சேர்ந்தே முடிவெடுத்தோம். தொண்டையில் புண் என்றோம், அவரும் கேட்டுக்கொண்டார். உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. உணவுக்குழாயின் அறிக்கை ஒரு திங்கட்கிழமை முழுக்க அவருடைய மஞ்சள் பையில் இருந்தது. நான்தான் கவனக்குறைவாக விட்டிருந்தேன். மறுநாள் மாலை திண்ணையிலிருந்து என்னைக் கூப்பிட்டு, "அம்மாடி, அந்தச் சிவப்பு அட்டை அகராதியைக் கொஞ்சம் எடு" என்றார். தமிழ் வித்துவான், ஆங்கிலத்தில் ஒரு சொல் தெரியாவிட்டால் தெரியும்வரை அவருக்கு இருப்புக் கொள்ளாது. பக்கத்து வீட்டுப் பையன் பரீட்சைக்கு வாங்கிப்போயிருக்கிறான் என்றேன். அகராதி அப்போது பரணில், பித்தளை அண்டாவுக்குள் இருந்தது. அன்று காலையில் நானே ஏறி வைத்தது. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி" என்றார். அதன்பிறகு இருந்த ஏழு வாரத்தில் ஒருநாளும் அதைக் கேட்கவில்லை.

நீ உருவியது ஒரு தாள், நான் ஒளித்தது முழு அகராதி. இதை வைத்துக்கொண்டு உன்னை எப்படிக் கேட்பேன்? கேட்காமலும் எப்படி இருப்பேன்? அவர் நல்லதுக்கு என்று நான் அன்று உண்மையாகவே நம்பினேன். நீயும் அப்படித்தான் நம்பியிருப்பாய். நம்பியதால் எனக்கு வந்த காய்ச்சல் குறைந்துவிடவில்லை, அப்பா திண்ணையில் தனியாக உட்கார்ந்திருந்ததும் இல்லையென்று ஆகிவிடவில்லை.

அப்பாவின் புத்தகங்களைப் பிரித்துக்கொண்டபோது அகராதியை நீயே வைத்துக்கொள் என்று உன் பக்கம் தள்ளினேன். பாசத்தில் விட்டுக்கொடுக்கிறேன் என்று நினைத்தாய். தொட முடியாமல் கொடுத்தேன். அது இப்போதும் உன் கூடத்து அலமாரியில், மேல்தட்டில் இருக்கிறது. தேடிப் பார்த்த சொல்லுக்கு அடியில் பென்சிலால் மெல்லிய கோடு போடுவது அப்பாவின் வழக்கம். அறிக்கை அவர் பையில் திங்கட்கிழமை இருந்தது. நான் அகராதியைப் பரணில் ஏற்றியது செவ்வாய்க் காலை. இடையில் ஓர் இரவு இருக்கிறது. அதற்குள் அவர் பார்த்துவிட்டாரா, பார்த்துவிட்டுத்தான் மறுநாள் என்னிடம் கேட்டாரா என்று இத்தனை ஆண்டுகளில் நான் ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை.

நீ எடுத்து, புற்றுநோயைக் குறிக்கும் 'கார்சினோமா' என்ற சொல் இருக்கும் பக்கத்தைத் திறந்து பார். கோடு இருக்கிறதா இல்லையா என்று எனக்குச் சொல். எப்படி இருந்தாலும் அப்படியே சொல்.

உன் தங்கை