சாவி யாரிடம் இருக்கிறது என்று கேள், அம்மணி

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள அம்மணிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, மஞ்சளுக்கு மண் அணைத்தாகிவிட்டது. மாப்பிள்ளையும் பாப்பாவும் சௌக்கியமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

போன ஞாயிறு போனில் நீ பேசியதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. "இனி அவ மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்ப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். மாப்பிள்ளையிடம் கேட்டேன். துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றி நீயும் உன் சிநேகிதியும் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டதை அனுப்பி வைத்தார். இரண்டு தடவை படித்தேன். இதையெல்லாம் போனில் சொன்னால் நீ பாதியில் மறித்துப் பேசுவாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். முழுவதும் படி.

முதலில் ஒன்று. விஷயத்தில் நான் உன் பக்கம்தான். அதற்குக் காரணம் போன வருஷம் உன் வீட்டில் இருந்தபோது நடந்த ஒன்று. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த பாப்பா, ஷூவைக்கூடக் கழற்றாமல், "அப்புச்சி, லாக்டவுன் விளையாடலாம் வா" என்று கையைப் பிடித்து இழுத்தாள். கண்ணாமூச்சி மாதிரி ஏதோ என்று நானும் போனேன். ஹால் விளக்கை அணைத்தாள். திரைச்சீலையை இழுத்துவிட்டாள். பூஜை அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் என்னை உட்கார வைத்து, மடியில் வந்து ஒண்டிக்கொண்டு, விரலை வாயில் வைத்தாள். முட்டி வலிக்குது கண்ணு என்றேன். "பேசக் கூடாது அப்புச்சி, பேசினா கெட்டவனுக்குக் கேக்கும்" என்றாள். ஆறு வயசு. அவள் நெஞ்சு என் கைக்குள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் தன் காலைப் பார்த்தாள். நடந்தால் சிவப்பாக மினுக்குமே, நான் வாங்கிக் கொடுத்த ஷூ. அந்த வெளிச்சத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

ராத்திரி உன்னிடம் கேட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டே, "துப்பாக்கியோட எவனாவது வந்தா ஒளிஞ்சுக்கற பயிற்சி, எல்லா ஸ்கூல்லயும் நடக்கறதுதான்ப்பா" என்றாய். உன் குரல் சரியாக இல்லை. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஆகவே நீ கோபப்படுவதை நான் குறை சொல்லவில்லை. 2012 டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்து சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் செத்தார்கள். குழந்தைகள் எல்லாம் நம் பாப்பா வயசு. அடுத்த ஏப்ரலில், துப்பாக்கி வாங்குகிறவர்களை இன்னும் கொஞ்சம் கூடுதலாக விசாரிக்கலாம் என்று அந்த நாட்டு மேல்சபையான செனட்டில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். 54 பேர் ஆதரித்தும், 60 வேண்டும் என்ற முறையால் அது விழுந்துபோனது. நீ இதை எழுதியிருந்தாய். சரியாகத்தான் எழுதியிருந்தாய்.

எனக்கு இந்தப் பயம் 2007லேயே வந்துவிட்டது. நீ அப்போது ப்ளஸ் டூ. ஏப்ரல் 16, வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒருவன் 32 பேரைச் சுட்டுக் கொன்றான். அதில் ஒருவர் பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். நம் கோபிக்குப் பக்கத்திலிருக்கும் கரட்டடிபாளையத்துக்காரர். நீரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தவரை வகுப்பறையிலேயே சுட்டுக் கொன்றான். பொதுப்பணித் துறையில் மடை, ஷட்டர், தண்ணீர் அளவு என்று 31 வருஷம் ஓட்டியவன் நான். நம் வாய்க்கால் கரையில் பிறந்த ஒருவர் அவ்வளவு தூரம் போய்த் தண்ணீரைப் பற்றியே பாடம் நடத்துகிறார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பெருமைப்பட வேண்டிய செய்தியும் துக்கச் செய்தியும் ஒன்றாக வந்தன.

சுட்டவனுக்கு மனநல சிகிச்சை தேவை என்று 2005லேயே நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்தது. துப்பாக்கிக் கடைக்காரர் சரிபார்க்கிற பட்டியலுக்கு அந்த உத்தரவு போய்ச் சேரவில்லை. அவன் இரண்டு கைத்துப்பாக்கி வாங்கிவிட்டான். சர்க்கார் ஆபீஸில் காலம் தள்ளியவன் என்பதால், போய்ச் சேராத அந்தக் காகிதம் இன்றும் என் மனசை அறுக்கிறது. 2008 ஜனவரியில் அந்த ஓட்டையை அடைக்க ஒரு சட்டம் வந்தது. துப்பாக்கிக்காரர்களின் சங்கமான என்.ஆர்.ஏ.வும் அதை ஆதரித்தது. நீ எழுதியதைப் படித்தால் அந்தப் பக்கம் மனுஷர்களே இல்லை என்கிற மாதிரி இருக்கிறது. அது சரியில்லை, அம்மணி.

உன் சிநேகிதி எழுதியதையும் படித்தேன் என்றேன் அல்லவா. அவள் வீட்டில் திருடன் புகுந்தது உனக்குத் தெரியாததா? இந்தியர் வீடு என்றால் தங்கம் இருக்கும் என்று பார்த்து வந்தவன். தாலிக்கொடியைத் தன் கையாலேயே கழற்றிக் கொடுத்ததை அவள் உன் சமையலறையில் உட்கார்ந்துதான் சொல்லி அழுதாள், நானும் அங்கே இருந்தேன். அதற்கு அப்புறம்தான் அவள் வீட்டுக்காரர் கைத்துப்பாக்கி வாங்கினார். மாப்பிள்ளை மாதிரி ஹெச்1பி வேலை விசாவில் இருப்பவர்கள் சாதாரணமாக வாங்க முடியாது. அவர்கள் சிட்டிசன், வாங்கினார்கள். ஆசைக்கு வாங்கியது இல்லை. பயத்துக்கு வாங்கியது.

நீ டெக்ஸாஸில் இருக்கிற உவால்டிப் பள்ளிக்கூடத்தைச் சொன்னாய். 2022 மே 24, 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள், 18 வயசுப் பையன் கடையில் காசு கொடுத்து வாங்கிய ரைஃபிள். அவளும் அதே உவால்டியைத்தான் சொல்கிறாள். கிட்டத்தட்ட 400 போலீஸ்காரர்கள் வந்து சேர்ந்தும் 77 நிமிஷம் கழித்துத்தான் அவனைச் சுட்டு வீழ்த்தினார்கள். அப்படியானால் நான் யாரை நம்பி வீட்டில் படுப்பது என்று கேட்கிறாள். அதற்கு நீ பதில் சொல்லியிருக்கலாம். வீட்டில் துப்பாக்கி இருந்தால் அந்த வீட்டுக்காரர்களுக்கே ஆபத்து கூடும் என்று பொறுமையாக எடுத்துச் சொல்லியிருக்கலாம். "உன்னை மாதிரி ஆளுங்களாலதான் குழந்தைங்க சாகுது" என்று எழுதினாய். அதற்குத்தான் அவள், "பிடிக்கலைன்னா ஊருக்குப் போ. ஓட்டுகூட இல்லாதவ பேசாதே" என்று எழுதினாள்.

அந்த வார்த்தையைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. 2017 பிப்ரவரியில் கான்சாஸ் மாநிலத்து ஓலேத் ஊரில், வேலை முடிந்து சிநேகிதரோடு உட்கார்ந்திருந்த ஸ்ரீனிவாஸ் கூச்சிபோட்லாவை "என் நாட்டை விட்டு வெளியே போ" என்று கத்திக்கொண்டு ஒருவன் சுட்டான். அவர் தெலுங்குக்காரர், இன்ஜினியர். அந்த ஆள் அவர்களை ஈரானியர் என்று நினைத்தானாம். அவனுக்கு விசாவும் தெரியாது, சிட்டிசனும் தெரியாது. உன் சிநேகிதியைப் பார்த்தாலும் அவனுக்கு அதே நினைப்புத்தான் வந்திருக்கும். அந்த வார்த்தையை எடுத்து அவள் உன் மேல் வீசியது தப்பு. அதற்கு முன்னால் நீ அவளைக் குழந்தைக் கொலைக்குப் பொறுப்பாக்கியது அதைவிடப் பெரிய தப்பு.

நீங்கள் இரண்டு பேரும் எழுதிய அத்தனை நீளத்திலும் ஒரு விஷயம் இல்லவே இல்லை. 2022ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் 48,000 பேருக்கு மேல் செத்தார்கள். அதில் பாதிக்கும் மேல் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். பள்ளிக்கூடத்தில் நடப்பது ஊருக்கெல்லாம் தெரிகிறது. இது ஒவ்வொரு வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உன்னிடம் நாங்கள் மறைத்த ஒன்று இருக்கிறது. உன் சித்தப்பா காய்ச்சலில் போனார் என்றுதான் உனக்குச் சொல்லி வளர்த்தோம். காய்ச்சல் இல்லை. 1983, அவனுக்கு 19 வயசு. அப்பாருவோடு சைக்கிள் விஷயமாக ஒரு வாய்ச்சண்டை. மோட்டார் ரூமில் பருத்திக்கு அடிக்கிற மருந்து திறந்த அலமாரியிலேயே இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வண்டியில் போகிற வழி முழுக்க என் கையை விடவே இல்லை. "அண்ணா, என்னைக் காப்பாத்துண்ணா" என்று சொல்லிக்கொண்டே வந்தான். அவனுக்குச் சாக ஆசை இல்லை, அம்மணி. அந்தக் கோபம் இன்னும் பத்து நிமிஷத்தில் ஆறியிருக்கும். அந்தப் பத்து நிமிஷம் அது அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்துவிட்டது. மருந்து என்பதால் ஆஸ்பத்திரி வரைக்குமாவது கொண்டுபோனோம். துப்பாக்கி அந்த நேரத்தைக்கூடத் தராது.

"நம்ம ஊர்ல வீட்டுல துப்பாக்கியே கிடையாது" என்று நீ எழுதியிருந்தாய். நம் வீட்டிலேயே ஒன்று இருந்தது. காட்டுப்பன்றி விரட்ட அப்பாரு லைசென்ஸ் வாங்கி வைத்திருந்த இரட்டைக்குழல். தேர்தல் வந்தால் சாக்கில் சுற்றிக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். மற்ற நாளில் அது மரப்பெட்டிக்குள் பூட்டியிருக்கும், தோட்டா வேறு பெட்டியில். சாவி அப்பத்தா இடுப்பில். சித்தப்பா போன பதினாறாம் நாள் மோட்டார் ரூம் அலமாரிக்கும் அப்பத்தா பூட்டுப் போட்டாள். அந்தச் சாவியும் அதே கொத்தில் சேர்ந்தது. சாகிற வரைக்கும் அதை யாரிடமும் கொடுக்கவில்லை. தூங்கும்போது திரும்பிப் படுத்தால் அந்தச் சாவிக்கொத்துச் சத்தம் கேட்கும். உனக்கும் ஞாபகம் இருக்கும்.

பாப்பா சனிக்கிழமைதோறும் விளையாடப் போவது உன் சிநேகிதி வீட்டில்தான். அவர்கள் பையனுக்குப் பன்னிரண்டு வயசு ஆகிறது. அந்தத் துப்பாக்கி எந்த அறையில் இருக்கிறது? பூட்டியிருக்கிறதா? தோட்டா தனியாக இருக்கிறதா? சாவி யாரிடம்? நீ ஒரு நாளாவது கேட்டிருக்கிறாயா? தோட்டா போட்ட துப்பாக்கியைக் குழந்தை கைக்குக் கிடைக்கிற மாதிரி விட்டு, அது குழந்தை கையில் சிக்கினால், நீ இருக்கிற டெக்ஸாஸ் சட்டத்திலேயே அது குற்றம். அதனால் இதைக் கேட்டால் அவள் கோபித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. செனட்டில் 60 ஓட்டு சேர்கிறபோது சேரட்டும். இதைக் கேட்க உனக்கு ஓட்டு வேண்டாம், கிரீன் கார்டு வேண்டாம். அவளோடு பேச்சு வார்த்தை இருந்தால் போதும். அதைத்தான் இப்போது அறுத்துக்கொண்டு நிற்கிறாய்.

பாப்பாவை இனி அங்கே அனுப்பவே மாட்டேன் என்பாய். சரி. அந்தப் பையன்? அவன் அந்த வீட்டில்தானே தினமும் தூங்கி எழுகிறான்? நாளைக்கு அவனுக்கும் பத்தொன்பது வயசு ஆகும். அவனுக்கும் அப்பாவோடு ஏதாவது ஒரு சைக்கிள் சண்டை வரும்.

2021 பிப்ரவரியில் டெக்ஸாஸ் உறைந்துபோய், உங்கள் தெருவில் கரண்ட் இல்லாமல் நீங்கள் நாலு ராத்திரி யார் வீட்டில் படுத்தீர்கள்? பாப்பா அப்போது கைக்குழந்தை. அந்தப் பையன் தன் கம்பளியை எடுத்து அவள் மேல் போர்த்திவிட்டுத் தான் ஸ்வெட்டரோடு தூங்கினான் என்று நீதான் படம் எடுத்து அனுப்பினாய். 2023 மே மாதம் டல்லாஸ் பக்கத்து ஆலன் மாலில் 8 பேரைச் சுட்டபோது, ஹைதராபாத்திலிருந்து வந்த இன்ஜினியர் பெண்கூட அதில் செத்துப்போனாளே, அன்று உனக்கு முதல் போன் வந்தது யாரிடமிருந்து? "எங்கேடி இருக்கே" என்று அவள்தானே கேட்டாள்? நாங்கள் டிவியைப் பார்த்து உன்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் அவள் கூப்பிட்டுவிட்டாள்.

உவால்டிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து ஒரு சட்டம் நிறைவேற்றினார்கள். 21 வயசுக்குக் கீழே இருப்பவர்கள் வாங்க வந்தால் கூடுதலாக விசாரிக்க வேண்டும் என்கிறது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டைப் பொதுவாக எதிர்க்கிற ரிபப்ளிகன் கட்சிக்காரர்களிலேயே செனட்டில் 15 பேர் அதற்கு ஓட்டுப் போட்டார்கள். நீ கேட்பதில் கால்வாசிகூட அதில் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் கிட்டத்தட்ட 30 வருஷத்தில் அந்த நாட்டில் அந்த அளவுக்கு ஒன்று வந்தது அதுதான். தினமும் டிவியில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்கிறவர்கள் உட்கார்ந்து பேசி எழுதியது. உன் கருத்தை விட்டுக்கொடு என்று நான் சொல்லவே மாட்டேன். பள்ளிக்கூடக் கூட்டத்தில் எழுந்து பேசு. சிட்டிசன் ஆனதும் முதல் ஓட்டை நீ நம்புகிறவருக்கே போடு. ஆனால் அவளை மட்டும் விட்டுவிடாதே.

அவளிடம் போகும்போது இந்தக் கடிதத்தில் இருக்கிற கணக்கையெல்லாம் எடுத்துக்கொண்டு போகாதே. சித்தப்பா விஷயத்தைச் சொல்லலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. அம்மாவிடமும் கேட்டுவிட்டேன்.

பக்கத்து வீட்டுப் பையன் 12ஆம் தேதி டல்லாஸ் கிளம்புகிறான். அவனிடம் இரண்டு பொட்டலம் கொடுத்துவிடுகிறோம். இரண்டிலும் நம் காட்டு மஞ்சள் அரைத்த தூளும் அம்மா செய்த கொள்ளுப் பொடியும். ஒன்று உனக்கு. இன்னொன்றின் மேல் அம்மா உன் சிநேகிதியின் பெயரை எழுதிவிட்டாள். தபாலில் போடாதே, மாப்பிள்ளையிடமும் கொடுத்துவிடாதே. நீயே எடுத்துக்கொண்டு போ.

பாப்பாவுக்கு அப்புச்சியின் முத்தம்.

அன்புடன்,
அப்பா