தாழ்த்திய காருக்கு ஜாக்கி போடுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாரல் தொடங்கிவிட்டால் செங்கோட்டையிலிருந்து புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு வழியாகத் தென்மலை போகும் சாலையில் கார்கள் பெருகிவிடும். ஸ்பிரிங்கை மாற்றியோ வெட்டியோ தரையோடு தாழ்த்திய கார்களும் அவற்றில் உண்டு. அப்படி ஒரு கார் பஞ்சராகி மலைப்பாதை ஓரத்தில் நின்றால், டிக்கியில் இருக்கும் ஜாக்கி அடியில் நுழையாது. உடனே நாலு பேர் மட்கார்டைப் பிடித்துத் தூக்குவார்கள், ஒருவர் வெட்டுக்கல்லை அண்டக் கொடுப்பார், இன்னொருவர் அடியில் கையை விடுவார். இது உயிரை எடுக்கிற வேலை. வெட்டுக்கல்லும் செங்கலும் சிமெண்ட் ஹாலோ பிளாக்கும் சுவரில் பரவலாகப் பாரம் தாங்கும். ஒரு மூலையில் மட்டும் பாரம் குத்தினால் முன்னறிவிப்பே இல்லாமல் பிளந்துவிடும்.

ஜாக்கி ஏன் நுழைவதில்லை என்பது கணக்குத்தான். காரோடு வரும் கத்தரி ஜாக்கி முழுக்க மடங்கினாலும் ஏறக்குறைய 9, 10 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். உருளை வைத்துத் தள்ளிப்போகும் சாதாரண டிராலி ஜாக்கி 13, 14 சென்டிமீட்டர். காரை 4 சென்டிமீட்டர் தாழ்த்தியிருந்தால் காற்று இருக்கும்போதே இடைவெளி குறைவு. தாழ்த்திய காரில் பெரும்பாலும் 205/45 (205 மில்லிமீட்டர் அகலம், பக்கச்சுவர் அதில் 45 சதவீதம்) போன்ற மெல்லிய டயர் இருக்கும். அதன் பக்கச்சுவரே மொத்தம் 92 மில்லிமீட்டர்தான். காற்று போனால் அந்த மூலை இன்னும் இறங்கி, கதவுக்குக் கீழே ஓடும் மடிப்புத் தகடு தரையை நெருங்கிவிடும்.

எப்படியோ நுழைத்துவிட்டாலும் இன்னொரு தொல்லை. கத்தரி ஜாக்கி முழுக்க மடங்கிய நிலையில்தான் அதன் திருகுக்குப் பாரம் அதிகம். கைகள் படுத்துக் கிடப்பதால், தூக்கும் விசையைப் போல் பல மடங்கு இழுவை திருகின் மேல் விழும். கம்பி வளைவதும் மரை தேய்ந்து போவதும் அந்த முதல் சில சுற்றுகளில்தான். ஆகவே ஜாக்கி பாதியளவு விரிந்த நிலையில் பாரத்தைத் தொட வேண்டும். அதற்குக் காரைத்தான் முதலில் உயர்த்திக்கொள்ள வேண்டும்.

அதற்கு வேண்டியது ஒரு பலகை. 2 அங்குலக் கனம், 10 அங்குல அகலம், 2 அடி நீளம், ஒரு முனையில் 6 அங்குலத்துக்குச் சரிவாகச் சீவியது. வேங்கையோ ஆஞ்சிலியோ நல்லது. புனலூர்ப் பக்கம் ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் மருந்து ஏற்றாத ரப்பர் மரத்தைப் பூச்சி துளைத்துவிடும், டிக்கி ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும். பலகையின் அடிப்பக்கம் பழைய டயர் ரப்பரை ஆணி வைத்து அடித்துக்கொள்ளுங்கள். மழையில் வெறும் பலகை தார் மேல் வழுக்கும், இழுக்கும் சக்கரம் ஏறும்போது பின்னால் தெறிக்கும். யாரும் பலகைக்கு நேரே முன்னாலும் பின்னாலும் நிற்கக் கூடாது. முன் பம்பர் மிகத் தாழ்வாக இருந்தால் இந்தப் பலகைக்கு முன்னால் 1 அங்குலப் பலகை ஒன்றைப் போட்டு இரண்டு படியாக ஏற்றலாம்.

பஞ்சரான சக்கரத்தை முதல் கியரில் மெல்ல ஊர்ந்து பலகை மேல் ஏற்றுங்கள். ஆனால் சரிவில் வேண்டாம். எஸ் வளைவுகளில் நின்றுவிட்டால், டயர் போனால் போகட்டும் என்று நடை வேகத்தில் மட்டமான இடம் வரை ஓட்டிப் போவதே சரி. ஒரு டயரின் விலை உயிருக்கு ஈடாகாது. எச்சரிக்கை விளக்கைப் போட்டு, முக்கோணத்தை வளைவுக்கு முன்பே, பாரம் ஏற்றிவரும் டிப்பர் லாரிக்காரர் பிரேக் பிடிக்க இடம் இருக்கும் தொலைவில் வையுங்கள். வண்டிக்குள் இருப்பவர்கள் இறங்கிச் சாலைக்கு வெளியே நிற்கட்டும்.

ஹேண்ட் பிரேக்கும் கியரும் போட்டாயிற்று என்று நிம்மதி அடைவது தவறு. முன்சக்கரம் இழுக்கும் காரில் ஒரு முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பியதும் கியர் பிடிக்காது. இரண்டு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் வழியாக அந்தரத்தில் இருக்கும் சக்கரம் சுற்றி, தரையில் இருக்கும் சக்கரத்தை உருள விட்டுவிடும். ஆட்டோமேட்டிக்கில் பார்க்கிங் போட்டாலும் இதே கதைதான். ஹேண்ட் பிரேக் பொதுவாகப் பின்சக்கரங்களை மட்டும் பிடிக்கும். பின்னால் இரண்டையும் ஒன்றாகத் தூக்கினால் அது வெறும் கைப்பிடி. தூக்கும் மூலைக்குக் குறுக்கு எதிர் மூலையில் உள்ள சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போட வேண்டியது இதற்காகத்தான்.

நட்டுகளைச் சக்கரம் பலகை மேல் இருக்கும்போதே கால் சுற்று, அரைச் சுற்று இளக்கிவிட்டு, அப்புறம் ஜாக்கியை வையுங்கள். வைக்கும் இடம், மடிப்புத் தகட்டில் இரண்டு வெட்டுக் குறிகளுக்கு நடுவே இருக்கும் கெட்டியான பகுதி. தாழ்த்திய காரில் அந்தப் பகுதியே வேகத்தடையில் இடித்து மடங்கியிருக்கும். ஜாக்கியின் பள்ளத்தில் அது நேராக உட்காரவில்லை என்றால் தூக்காதீர்கள். பிளாஸ்டிக் சைடு ஸ்கர்ட், ஆயில் சம்ப், கியர்பாக்ஸ், தரைத்தகடு, பின் ஆக்சிலின் நடுப்பகுதி, எதிலும் ஜாக்கி படக் கூடாது. மின்சாரக் காரானால் பேட்டரிப் பெட்டி அருகிலேயே போகக் கூடாது.

சாலையோர மண் நனைந்திருந்தால் ஜாக்கி புதையும். மற்ற கார்களில் ஜாக்கிக்கு அடியில் ஒரு மரக்கட்டை போதும். தாழ்ந்த காரில் அந்தக் கட்டைக்கும் இடம் இருக்காது. ஒரு அடிக்கு ஒரு அடி, 5 மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றரைக் கிலோதான்.

சக்கரத்தைக் கழற்றியதும் அதை மடிப்புத் தகட்டுக்கு உள்பக்கமாகக் காரடியில் படுக்க வையுங்கள். ஜாக்கி சாய்ந்தாலும் உடம்பு விழும் உயரம் குறையும். ஸ்டெப்னியை மாட்டியபின் பலகையை உருவிவிட்டுக் காரை இறக்குவதுதான் பலரும் செய்யும் பிழை. புது டயரோடு கார் தன் பழைய தாழ்ந்த உயரத்துக்கே வரும், மடங்கிய ஜாக்கி அடியில் மாட்டிக்கொள்ளும். பலகை அங்கேயே இருக்கட்டும். அதன் மேல் இறக்கி, ஜாக்கியை எடுத்து, நட்டுகளை எதிரெதிராக இறுக்கிவிட்டுக் கட்டைகளை எடுத்தபின் ஓட்டி இறங்குங்கள். வெளியில் வாங்கிய அலாய் வீலின் நட்டு, கம்பெனி இரும்பு ஸ்டெப்னியில் சரியாக உட்காராமல் போகலாம். அதை வீட்டு வாசலில் ஒருமுறை மாட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது. நட்டின் இறுக்கம் பொதுவாக 85 முதல் 120 நியூட்டன் மீட்டர் (திருகும் விசையின் அளவு) வரை இருக்கும், சரியான எண் காரின் கையேட்டில் உண்டு. 50 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

ஸ்பிரிங் வெட்டிய கார்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய ஷாக் அப்சார்பரை அப்படியே விட்டு ஸ்பிரிங்கை மட்டும் ஒன்றிரண்டு சுற்று அறுத்திருப்பார்கள். காரைத் தூக்கும்போது ஷாக் தன் பழைய நீளத்துக்கு இறங்கும், குட்டையான ஸ்பிரிங்கால் அந்த இடத்தை நிரப்ப முடியாது. ஸ்பிரிங்கைக் கையால் பிடித்து ஆட்டினால் கடகடவென்று ஆடும், சில சமயம் தான் உட்காரும் தட்டை விட்டே விலகி நிற்கும். அதைக் கவனிக்காமல் இறக்கினால் ஸ்பிரிங் கோணலாக மாட்டி, முதல் பள்ளத்தில் 'டங்' என்று தெறித்து டயரையோ பிரேக் குழாயையோ அறுக்கும். ஆகவே இறக்குமுன் டார்ச் அடித்து, ஸ்பிரிங்கின் நுனி தட்டின் பள்ளத்தில் முட்டி நிற்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீளமான கம்பியால் திருப்புங்கள், விரலால் வேண்டாம். இப்படிப்பட்ட காரில் சக்கரம் தரையை விட்டுக் கிளம்ப உடம்பு தாழ்த்தாத காரின் உயரத்துக்கே போயாக வேண்டும் என்பதால் ஜாக்கிக்கு ஏற்றமும் அதிகம் தேவை. குட்டை ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே செட்டாக வரும் காயில் ஓவரில் இந்தச் சிக்கல் குறைவு. எங்கள் கருத்தில் ஸ்பிரிங் அறுப்பதை வொர்க்‌ஷாப்காரர்களே மறுக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு கம்பெனி அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது என்பதையும் வண்டிக்காரரிடம் சொல்லிவிட வேண்டும்.

காற்றுப் பை சஸ்பென்ஷன் உள்ள காரை முழு உயரத்துக்கு ஏற்றி, ஜாக்கி நிலை (உயரம் தானாக மாறாமல் நிறுத்தும் அமைப்பு) இருந்தால் அதில் போட்டபின்தான் தூக்க வேண்டும். காற்றை நம்பி அடியில் யாரும் போகக் கூடாது.

சக்கரம் மாற்றுவதற்கு மேல் என்ன வேலையானாலும் காரைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்ட் இல்லாமல் கூடாது. 2 டன் ஸ்டாண்டின் குறைந்தபட்ச உயரமே 10, 11 அங்குலம் வரும். தாழ்ந்த ஜாக்கி வாங்கும்போது 8 சென்டிமீட்டருக்குள் நுழைகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, மேலே எவ்வளவு போகும் என்று பார்க்காமல் வருகிறார்கள். பிறகு ஸ்டாண்ட் நுழையாமல் கட்டை மேல் கட்டை அடுக்குகிறார்கள். டிராலி ஜாக்கி தூக்கும்போது அதன் தலை வளைவாக நகரும். அதற்கு ஈடாக ஜாக்கியின் உருளைகள் ஓட வேண்டும். மண்ணில் அவை ஓடாது, தலைதான் வழுக்கும். சிமெண்ட் தரையில் மட்டும் பயன்படுத்துங்கள்.

புளியரைக்கும் தென்மலைக்கும் இடையே மட்டமான, சிமெண்ட் போட்ட நிறுத்துமிடங்கள் சிலவற்றை நெடுஞ்சாலைத் துறை அமைத்து, எத்தனை மீட்டரில் வரும் என்று தமிழிலும் மலையாளத்திலும் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டுகிறோம். இந்த வழியில் உள்ள பஞ்சர் கடைக்காரர்களும் பெட்ரோல் பங்குகளும் சரிவு சீவிய பலகை இரண்டும் தாழ்ந்த ஜாக்கி ஒன்றும் வைத்திருந்தால், கேட்டு வருபவருக்கு வாடகைக்குக்கூடத் தரலாம். காரைத் தாழ்த்திக் கொடுக்கும் கடைக்காரர்கள் அந்தப் பில்லிலேயே பலகையையும் சேர்த்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கார் மெக்கானிக்குகள் சிலர்,
செங்கோட்டை