ராட்சத விலங்குப் படங்களின் ரசிகருக்கு என்ன பரிசு தருவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறைக்கான பரிசுப் பொருள்களைப் பரிந்துரைத்துத் தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வெளியான பட்டியலைப் படித்தேன். காட்ஸில்லா, கிங் காங் ரசிகர்களுக்கென்று அதில் ஒரு டி-ஷர்ட், ஒரு காபி கோப்பை, ஒரு சாவி வளையம் ஆகிய மூன்றே இடம்பெற்றிருந்தன. இவற்றை வாங்கிக் கொடுப்பதில் தவறேதும் இல்லை. ஆயினும் 1930-களிலிருந்து 1970-கள் வரை வந்த ராட்சத விலங்குப் படங்களைத் தேடிப் பார்ப்பவர்களை ஈர்ப்பது, கணினி வரைகலை இல்லாத காலத்தில் ரப்பரையும் மரத்தையும் கம்பியையும் கொண்டு ஒரு நகரத்தையே எழுப்பி, அதைக் கேமராவுக்கு முன் இடித்துக் காட்டிய கைவேலைதான். அந்தக் கைவேலையின் அருகே ரசிகரைக் கொண்டுசெல்லும் பொருளே நல்ல பரிசு என்பது என் கருத்து. அத்தகைய பொருள்கள் சிலவற்றைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பரிசுகளில் தலையாயது படமே. 1954 நவம்பர் 3 அன்று ஜப்பானில் தோஹோ நிறுவனம் வெளியிட்ட முதல் காட்ஸில்லா படமான 'கோஜிரா'வின் (காட்ஸில்லாவின் ஜப்பானியப் பெயர் அது) மூல வடிவத்தை முதலில் தேடி வாங்க வேண்டும். அந்த ஆண்டு மார்ச் 1-ஆம் தேதி பிகினி பவளத்தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் கதிரியக்கச் சாம்பல், 23 பேருடன் சூரை மீன் பிடிக்கப் போயிருந்த ஒரு ஜப்பானியப் படகின் மேல் பொழிந்தது. அதன் வானொலி இயக்குநர் செப்டம்பர் மாதத்தில் இறந்துபோனார். அந்தத் துயரம் ஆறுவதற்குள் வெளிவந்த படம், கடலில் திடீரென்று எழும் ஒளியில் ஒரு கப்பல் எரிவதிலிருந்தே தொடங்குகிறது. போர் முடிந்து சீனாவிலிருந்து திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் இடிபாடுகளைக் கண்ட இஷிரோ ஹோண்டா அதை இயக்கினார் என்பதை அறிந்தவருக்கு, மருத்துவமனையில் ஒரு குழந்தையின் மேல் கதிர்வீச்சை அளக்கும் கருவியைப் பிடித்துப் பார்க்கும் காட்சி வேடிக்கையாக இராது. 1956-இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்குப் போன வடிவத்தில் இந்தக் கனத்தில் பெரும்பகுதி வெட்டப்பட்டு, ரேமண்ட் பர் என்ற நடிகர் நடித்த செய்தியாளர் பாத்திரம் புதிதாக ஒட்டப்பட்டது. மூலப் படம் 96 நிமிடம். அமெரிக்க வடிவம் ஏறத்தாழ 80 நிமிடம். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பதே தனிச் சுவை என்பதால், இரண்டும் அடங்கிய பதிப்பைத் தேடி வாங்குவது நல்லது.

அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் தன் வெளியீட்டு வரிசையின் ஆயிரமாவது எண்ணை 2019-இல் காட்ஸில்லாவுக்கே ஒதுக்கி, 1954 முதல் 1975 வரையிலான 15 படங்களையும் எட்டு ப்ளூ-ரே வட்டுகளில் ஒரே தொகுப்பாக வெளியிட்டது. உலகத் திரைப்பட மேதைகளின் படங்களை வெளியிட்டுப் பெயர்பெற்ற நிறுவனம் ரப்பர் உடை அணிந்த மனிதர் விலங்காக நடித்த இந்தப் படங்களுக்கு அந்த எண்ணை வழங்கியது, எங்களைப் போன்ற ரசிகர்களுக்குக் கிடைத்த சிறு நியாயம். ஆனால், அவசரப்பட்டுப் பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ப்ளூ-ரே வட்டுகள் உலகை ஏ, பி, சி என்ற மூன்று மண்டலங்களாகப் பிரித்து விற்கப்படுகின்றன. அமெரிக்கா, ஜப்பான், சிங்கப்பூர், மலேசியா ஆகியவை ஏ மண்டலத்தில் இருக்க, இந்தியா சி மண்டலத்தில் இருக்கிறது. சிங்கப்பூரில் வாழும் தமிழருக்கு அமெரிக்க வட்டு தடையின்றி ஓடும். அதையே சென்னையிலுள்ள உறவினருக்கு அனுப்பினால், எல்லா மண்டல வட்டுகளையும் ஏற்கும் பிளேயர் அவரிடம் இருந்தாலொழிய அது அலமாரியில்தான் இருக்கும். பரிசு பெறுபவரிடம் உள்ள பிளேயர் எது என்பதை, அவருக்குச் சந்தேகம் வராத வகையில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது உத்தமம்.

சிறுவர்களுக்கு வாங்குவதானால் 'கோஜிரா' வேண்டாம். அது இருண்ட படம். 1961-இல் வந்த, ராட்சத அந்துப்பூச்சியின் படமான 'மோத்ரா'வையோ, தைஏ நிறுவனம் 1965-இல் தொடங்கிய கமேரா என்னும் பறக்கும் ஆமையின் படங்களையோ கொடுக்கலாம். விடுமுறைக்கும் இந்தப் படங்களுக்கும் உள்ள உறவு புதிதன்று. மூன்று தலை டிராகனான கிடோரா முதன்முதலில் தோன்றிய படம் 1964 டிசம்பரில் வெளியானது முதல், காட்ஸில்லா படங்கள் புத்தாண்டு விடுமுறையை ஒட்டி டிசம்பர் மாதத்தில் வருவது ஜப்பானில் பல ஆண்டுகள் வழக்கமாக இருந்தது.

குறைந்த செலவில் நிறைந்த பரிசு தர நினைப்பவர்கள் 1933-இல் வந்த 'கிங் காங்'கை நினைத்துக்கொள்ள வேண்டும். வில்லிஸ் ஓ'பிரையன் தலைமையில் உருவான அந்தக் குரங்கு, பந்துமூட்டுகள் கொண்ட உலோக எலும்புக்கூட்டின் மேல் ரப்பரும் பஞ்சும் முயல் தோலும் போர்த்திய, ஒன்றரை அடி உயரமே உள்ள பொம்மை. ஒவ்வொரு படச்சட்டத்துக்கும் அதைச் சற்றே அசைத்துப் படமெடுத்தார்கள். ஒரு நொடிக்கு 24 சட்டங்கள். அசைத்தவர்களின் விரல்கள் பட்டுப் பட்டுக் கலைந்த மயிர் திரையில் தானாகச் சிலிர்ப்பதுபோல் தெரிவதை இன்றும் காணலாம். அந்தப் படத்தை 13 வயதில் பார்த்து மயங்கிய ரே ஹாரிஹவுசன், பின்னாளில் அதே முறையில் உலகப் புகழ் பெற்றார். 1955-இல் அவர் செய்த ராட்சத ஆக்டோபஸுக்குச் செலவைக் குறைக்க ஆறு கைகளே வைத்தார். கைகளை எண்ணிப் பார்க்காத ரசிகர் எவரும் இருக்க முடியாது. ஆகவே ஒரு பெட்டியில் வண்ணக் களிமண், முறுக்கக்கூடிய அலுமினியக் கம்பி, கைப்பேசியை அசையாமல் நிறுத்தும் சிறு முக்காலி ஆகியவற்றை வைத்து, 'கிங் காங்' வட்டையும் சேர்த்துக் கொடுத்தால், பத்து வயதுப் பிள்ளை விடுமுறை முழுவதும் சொந்தமாக ஒரு விலங்கை நடக்க வைத்துக்கொண்டிருக்கும். வீட்டில் தொடக்கத்தில் ஒரு நொடிக்குப் பன்னிரண்டு படங்களே போதும்.

பொம்மைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் தவறு அதிகம் நேர்வது இதில்தான். ஜப்பானின் மருசான் நிறுவனம் 1960-களில் வெளியிட்ட மென்வினைல் (மிருதுவான பிளாஸ்டிக்) பொம்மைகளின் மரபு இன்றும் தொடர்கிறது. அமெரிக்காவின் அரோரா நிறுவனம் 1964-இல் விற்ற, ஒட்டிச் சேர்த்து வண்ணம் பூசும் காட்ஸில்லா பிளாஸ்டிக் மாதிரியும் பின்னர் வேறு நிறுவனங்களின் பெயரில் மறுபடி வந்திருக்கிறது. ஓய்வுபெற்ற ஒருவருக்கு, செய்து முடிக்கப்பட்ட பொம்மையைவிட இந்த ஒட்டும் மாதிரியே மகிழ்ச்சி தரும் என்பேன். எதை வாங்கினாலும், அது எந்த ஆண்டுப் படத்தின் காட்ஸில்லா என்று பார்த்து வாங்க வேண்டும். 1954-இன் உடையில் காதுகள் உண்டு, பாதத்தில் நான்கு விரல்கள் உண்டு; 1962-இல் கிங் காங்குடன் மோதிய உடையில் காதுகள் போய், விரல்கள் மூன்றாயின. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். ரசிகருக்கோ, தமக்குப் பிடித்த ஆண்டின் உருவத்தைக் கொடுத்தவர் தம்மை மதித்துக் கேட்டறிந்து வாங்கியிருக்கிறார் என்பது பெட்டியைத் திறந்ததுமே புரியும். முதல் படத்தின் உடை ஏறத்தாழ நூறு கிலோ எடை கொண்டது. அதற்குள் நின்று மூச்சுத் திணறியவர் ஹருவோ நகஜிமா. அதே 1954-இல் வந்த 'ஏழு சாமுராய்' படத்திலும் அவர் சிறு வேடத்தில் தோன்றினார். அதில் முதன்மைச் சாமுராயாக நடித்த தகாஷி ஷிமுராவே 'கோஜிரா'வில் தொல்லுயிர் அறிஞராக வருகிறார் என்பதால், வீட்டில் 'ஏழு சாமுராய்' இயக்குநர் குரோசாவாவின் ரசிகர் இருந்தால் இரு வட்டுகளையும் ஒன்றாகக் கட்டித் தரலாம்.

இசைத்தட்டுப் பிளேயர் வைத்திருப்பவருக்கு 'கோஜிரா'வுக்கு இசையமைத்த அகிரா இஃபுகுபேயின் இசையைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை. போர்க்காலத்தில் மரங்களை எக்ஸ்ரே கொண்டு ஆராயும் பணியில் கதிர்வீச்சால் உடல்நலம் கெட்ட இவரே, டபுள் பேஸ் என்னும் பெரிய நரம்புக் கருவியின் தளர்த்திய கம்பிகளின் மேல் பிசின் பூசிய தோல் கையுறையால் தேய்த்து எழுந்த ஒலியிலிருந்து காட்ஸில்லாவின் உறுமலை உருவாக்கினார்.

படிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு மூன்று ஆங்கில நூல்கள் போதும். தந்திரக் காட்சிக் கலைஞர் எய்ஜி சுபுராயா பற்றி ஆகஸ்ட் ரகோன் எழுதிய, படங்கள் நிறைந்த நூல் 2007-இல் வந்தது. ஹோண்டாவின் வாழ்க்கை வரலாற்றை ஸ்டீவ் ரைஃபிளும் எட் கோட்ஜிஷெவ்ஸ்கியும் சேர்ந்து 2017-இல் எழுதினர். முதல் படத்துக்குக் கதை தந்த ஷிகெரு கயாமா, முதல் இரண்டு காட்ஸில்லா படங்களையும் குறுநாவல்களாக எழுதியிருந்தார். அவை 2023-இல்தான் ஜெஃப்ரி ஆங்கிள்ஸின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்கு வந்தன. 2024-இல் தந்திரக் காட்சிகளுக்காக ஆஸ்கர் வென்ற புதிய காட்ஸில்லா படத்தைப் பார்த்துவிட்டு இந்த வரிசைக்குள் நுழைந்த இளைஞர்களுக்கு, கயாமாவின் நூலை முதலில் கொடுக்கலாம்.

அடுத்த முறை இத்தகைய பட்டியலை வெளியிடும்போது, பொருளின் விலையோடு அது எந்தப் படத்தை, எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதையும், வட்டாக இருந்தால் அதன் மண்டலத்தையும் ஒரு வரியில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இவற்றில் பலவற்றை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருப்பதாலும், அஞ்சல் தாமதமும் சுங்க வரியும் சேர்ந்துகொள்வதாலும், பட்டியலை நவம்பர் மாதத்திலேயே வெளியிட்டால் வாசகர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சென்னை.